ஆறு கோடு தண்ணீர்

என் மனைவிக்கு வந்த நோயின் பெயரை நான் முதன்முதலில் கேட்டது கொழும்பில், ஓர் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றபடி. அதற்கு முன் இரண்டரை வருடமாக அந்த நோய்க்கு நானே வைத்தியம் பார்த்திருந்தேன். அந்த வைத்தியத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். என்னிடம் அதற்குக் கணக்குக் கேட்டவர் யாருமில்லை. கேட்டிருக்க வேண்டியவள் கடைசி வரைக்கும் கேட்கவில்லை.

நான் டொக்டர் இல்லை. பரந்தனிலிருந்து உள்ளே போகிற வீதியில், குளத்தை நம்பிக் காடு வெட்டி உண்டாக்கிய ஒரு குடியேற்றத் திட்டத்தில், அரசாங்க டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுப்பது என் வேலை. ஐம்பதுகளின் கடைசிப் பகுதி அது. நோய் பார்த்து மருந்து எழுதுகிற அப்போதிக்கரி ஐயா கிழமையில் இரண்டு நாள் வேறு கொலனிகளுக்குப் போய்விடுவார். அந்த இரண்டு நாளும் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் புண்ணுக்கும் நானே பார்த்து நானே கொடுப்பேன். யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து காணி கிடைத்து வந்த சனம் என்னையும் டொக்டர் ஐயா என்றுதான் கூப்பிடும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை. அந்தப் பூவுக்கும் தான் சர்க்கரைதான் என்ற எண்ணம் கொஞ்ச நாளில் வந்துவிட்டது.

அப்போதெல்லாம் மருந்துக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து போத்தல் கொண்டு வரவேண்டும். கழுவின போத்தலா என்று மணந்து பார்த்து, அதற்குள் கலவை மருந்தை ஊற்றி, பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டிக் கொடுப்பேன். நீட்டுக்கு வெட்டிய துண்டை மடித்து, கத்தரிக்கோலால் ஓரத்தில் நறுக்கினால், விரிக்கும்போது ஒரே இடைவெளியில் வெட்டுகள் விழுந்திருக்கும். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரைக்கும் ஒரு வேளை மருந்து. சனம் அதைக் கோடு என்று சொல்லும். காலமை ஒரு கோடு, மத்தியானம் ஒரு கோடு, பொழுதுபட ஒரு கோடு. என் கடதாசி இடைவெளி பிசகாது என்று அப்போதிக்கரி ஐயாவே சொல்லியிருக்கிறார்.

என் மனைவிக்கு அப்போது முப்பத்துநாலு வயது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருந்த குவாட்டர்ஸில் நாங்கள் இரண்டு பேரும்தான். வளவில் மிளகாயும் கத்தரியும் வைத்து, காலமையும் பின்னேரமும் தானே தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டு திரிந்தவள், கொஞ்சம் கொஞ்சமாகக் குந்தத் தொடங்கினாள். முழங்கால் நோ, இடுப்பு நோ என்றாள். எண்ணெய் தடவினோம். தசை இல்லை, எலும்புக்குள்ளே நோகிறது என்றாள். எலும்பு நோவுக்கு எங்கள் அலுமாரியில் மருந்து இருந்தது. கல்சியம் குளிசை கொடுத்தேன், மீனெண்ணெய் கொடுத்தேன், பக்கத்து மாட்டுப்பட்டியிலிருந்து காலமையில் பால் எடுத்தேன். எலும்பு சுண்ணாம்பால் ஆனது, சுண்ணாம்பு குறைந்தால் நோகும், கொடுத்தால் தீரும். இதைவிடத் தெளிவான வைத்தியம் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

நோ குறையவில்லை. ஒரு நாள் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். அடுத்த நாள் சிறுநீரோடு நெல்லுமணி அளவில் ஒரு கல் போனது. அதன் பிறகு அவளுக்குத் தண்ணீர்த் தாகம் பெருகியது. செம்பு செம்பாகக் குடிப்பாள், அடிக்கடி வெளியே போவாள், வந்து மறுபடியும் குடிப்பாள். நீரிழிவாக இருக்குமோ என்று எனக்கும் பயம் வந்தது. டிஸ்பென்சரியில் நீலக் கரைசல் இருந்தது. அதில் சிறுநீரை விட்டுச் சூடாக்கினால், சீனி இருந்தால் நிறம் மாறிச் செங்கல் நிறத்துக்கு வரும். நான் சூடாக்கினேன். நீலம் நீலமாகவே இருந்தது. மூன்று தரம் பார்த்தேன். பயம் போனதும் அந்த இடத்துக்குக் கெட்டித்தனம் வந்து குந்திவிட்டது.

வன்னித் தண்ணி கல்லுத் தண்ணி என்று கொலனியில் சொல்லாத ஆள் இல்லை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். ஆருக்கு விலா நொந்தாலும், ஆருக்குக் கல் போனாலும், பழி கிணற்றின் மேலேதான். நான் கேத்திலைக் கவிழ்த்துப் பொருக்கைச் சுரண்டி அவளுக்குக் காட்டினேன். இதுதான் உமக்குள்ளே கல்லாகிறது என்றேன். சீனி இல்லை, ஆகவே தாகம் நோயில்லை, பழக்கம். குடிக்கக் குடிக்கக் கல், கல் இருக்க இருக்க நோ. ஒவ்வொரு படியும் சரியாகப் பொருந்தி வந்தது. பிழையான கணக்கும் சில வேளை அப்படித்தான் மீதியில்லாமல் பிரிந்து முடியும்.

அன்றைக்கே ஒரு பெரிய சாராயப் போத்தலை எடுத்துச் சுடுதண்ணீரில் கழுவினேன். கொதிக்க வைத்து, ஆற வைத்து, துணியில் வடித்த தண்ணீரை அதில் நிரப்பினேன். கடதாசியை மடித்து நறுக்கி, பசை தடவி ஒட்டினேன். ஆறு கோடு. ஒரு நாளைக்கு ஆறு கோடும், காலையிலும் மாலையிலும் தேத்தண்ணியும். அவ்வளவுதான். அவள் போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது காணுமோ?" என்று கேட்டாள்.

காணும், இதுவே போதும் என்றேன். நோய்க்காரர் எல்லாருக்கும் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

அது சோளகம் அடிக்கிற காலம். காற்று மண்ணை வாரி வாய்க்குள் போடும். மத்தியானம் முற்றத்தில் கால் வைக்க முடியாது. நான் வேலையால் வந்தவுடன் உடுப்பு மாற்ற முன்னம் போத்தலைத்தான் பார்ப்பேன். குறையக் குடித்துக் கோடு பிந்தியிருந்தால் கெட்டிக்காரி என்பேன். முந்தியிருந்தால் முகத்தைத் தூக்கிவிடுவேன். சாதாரணமாக அவளை நீர் என்றுதான் சொல்வேன். கோபம் வந்தால் நீர் போய் நீ வந்துவிடும். அந்த மாதங்களில் அவள் என் வாயிலிருந்து நீர் என்று கேட்டது குறைவு.

அவள் மெலிந்தாள். சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளித்தாள். வயிறு நாலைந்து நாளைக்கு ஒரு தரம்தான் போனது. அடுப்பில் உலையை வைத்துவிட்டு எதற்கு வைத்தேன் என்று நிற்பாள். காரணமில்லாமல் அழுவாள். சோம்பல் என்றேன். பிள்ளை இல்லாத கவலை என்றேன். எனக்குத் தெரிந்த எல்லாப் பெயரையும் சொன்னேன், எனக்குத் தெரியாத ஒரு பெயர் இருக்கலாம் என்பதைத் தவிர. ஒரு நாள் என் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள். உள்ளே கடினமாக ஓர் உருண்டை, சின்னப் பாக்கு அளவில். கழலை, எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது, ஒன்றும் செய்யாது என்றேன். கையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பக்கத்து வளவில் தீவுப் பகுதியிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரி என் மனைவியை விடப் பத்து வயது மூத்தவர், வாய் குறைவானவர். ஒரு நாள் நேரத்தோடு வீட்டுக்கு வந்தபோது என் மனைவி அவர்களுடைய குசினி வாசலில் நின்று, சருவச் சட்டியால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல், கழுத்தாலும் நெஞ்சாலும் வழிய வழியக் குடித்தாள். என்னைக் கண்டதும் சட்டியை நிலத்தில் வைத்தாள். அந்த வைத்த விதம், களவெடுத்த ஆள் வைக்கிற மாதிரி இருந்தது. எனக்கு அப்போது அது கோபத்தைத்தான் தந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, இவளுக்கு இனித் தண்ணீர் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் வருகிற வருத்தத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று அந்த மனிசிக்குச் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. "நாங்கள் தீவார், தம்பி. நல்ல தண்ணிக்கு ரெண்டு கட்டை தூரம் நடந்தனாங்கள். ஆனால் தண்ணி கேட்டு வந்த ஆளுக்கு இல்லை எண்டு ஒரு நாளும் சொன்னதில்லை. உங்கட படிப்பு என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாது."

படிக்காத சனத்துக்கு விளங்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து என் மனைவி அந்த வளவுக்குப் போகவில்லை. நான் தடுத்ததால் மட்டுமில்லை, என்னால் அந்த மனிசிக்குப் பேச்சு வரக்கூடாது என்றும்தான். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

போக்கிடம் இல்லாதவள் கிணற்றடிக்குப் போனாள். ஒரு மத்தியானம், டிஸ்பென்சரியில் சனம் நிறைந்திருந்த நேரம், அதே தீவு மனிசிதான் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். ஓடிப் போனேன். கப்பியில் வாளி பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கட்டோரம் சாய்ந்து இருந்தாள். வலது கை முழங்கைக்கு மேலே, வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது. விழவில்லை, அடிபடவில்லை. ஒரு வாளித் தண்ணீரை இழுத்ததில் எலும்பு முறிந்துவிட்டது.

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? நான் சொன்னது இது: "ஆர் உன்னை இப்ப கிணத்தடிக்குப் போகச் சொன்னது?"

"விடாய் தாங்கேலாமல் போச்சு," என்றாள். "ஒரு மிடறுதான் குடிப்பம் எண்டு வந்தனான். இன்னும் குடிக்கேல்லை."

குடிக்கவில்லை என்பதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். அந்த முறிந்த கையோடு, தான் சொல் மீறவில்லை என்று எனக்குச் சாட்சி சொன்னாள். இதை எழுதுகிற இந்த வயதிலும் அந்த வசனத்தைத் தாண்டிப் போக எனக்கு நேரம் எடுக்கிறது.

மட்டை வைத்துக் கட்டி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனேன். இளம் டொக்டர் எக்ஸ்றே படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். எலும்பு, செல்லரித்த பலகைபோல் அங்கங்கே வெளிறிக் கிடந்தது. கைவிரல்களையும் படம் எடுத்தார்கள், அங்கேயும் ஓரங்கள் தேய்ந்திருந்தன. பிறகு அவர் பின்னால் வந்து நின்று அவளுடைய கழுத்தைத் தடவினார். உருண்டையில் கை நின்றது. இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னம் அவள், இப்பதான் ஐயா, ஒரு மாசம் இருக்கும் என்றாள். என் பக்கம் பார்க்கவுமில்லை. டிஸ்பென்சரிக்காரன் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேலாக இருந்த உருண்டை, அவளுடைய வாயால் ஒரு மாதமாகிவிட்டது.

கொழும்பில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்த பெரிய டொக்டர் தமிழர், அவசரமில்லாமல் பேசுகிறவர். விறாந்தையில் வைத்து எனக்கு விளக்கினார். கழுத்தில் இருக்கிற பெரிய சுரப்பிக்குப் பின்னால் நெல்லுமணி அளவில் நாலு சின்னச் சுரப்பிகள் உண்டாம். உடம்பில் சுண்ணாம்பு எங்கே எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்ப்பது அவற்றின் வேலை. அவற்றில் ஒன்று கெட்டு, வளர்ந்து, எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து இரத்தத்தில் கொட்டுகிறது. மற்றவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் அது சாதாரணக் கட்டியாக இருக்கும், இவ்வளவு கடினமாகக் கைக்குப் படாது, இது புற்றுநோயாக இருக்கலாம், மிக அரிது என்றார். எலும்பு நோ, கல், ஓங்காளம், மலச்சிக்கல், மறதி, அழுகை எல்லாம் அந்த ஒரு மணியின் வேலை. நான் ஒவ்வொன்றுக்கும் வைத்த பெயர்கள் வரிசையாக ஞாபகம் வந்தன.

கல்சியமும் மீனெண்ணெயும் கொடுத்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. எலும்பு நோ என்று வந்தால் இரத்தம் பார்க்க வசதியில்லாத இடத்தில் தானும் அதைத்தான் கொடுத்திருப்பேன் என்றார். பிறகு, தாகத்துக்குக் காரணமும் இதுதான் என்றார். மிஞ்சின சுண்ணாம்பைச் சிறுநீரகம் வெளியே தள்ளும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. இந்த நோய்க்காரர் குடிக்காமல் விட்டால் இரத்தம் தடித்து, சிறுநீரகம் கெட்டு, புத்தி மயங்கிவிடும். சொல்லிவிட்டுக் கட்டிலடிக்கு வந்தார், அவளிடமே கேட்டார், தண்ணீர் எப்படிக் குடிக்கிறீர்கள் என்று.

"கேட்ட நேரமெல்லாம் இவர் தருவார்," என்றாள்.

டொக்டர் என் தோளில் கை வைத்தார். நல்ல வேலை செய்தீர், அந்தத் தண்ணீர்தான் இவரை இவ்வளவு நாளும் வைத்திருந்தது என்றார். நான் ஓம் என்றேன். அந்த ஓமை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

குளிசை கொடுத்தது அறியாமை. அதற்காக நான் என்னை மன்னித்துக்கொண்டுவிட்டேன் என்று சொல்லலாம். தண்ணீர் அப்படியில்லை. அதற்குப் படிப்பு தேவையில்லை. நாக்கு வறண்டு, உதடு வெடித்து, ஒருத்தி என் கண் முன்னால் நின்று தண்ணீர் என்றாள். தீவு மனிசிக்கு அது விளங்கியது. எனக்கு விளங்காமல் போனது அறியாமையால் அல்ல. என் கெட்டித்தனத்தை விட அவளுடைய தாகம் எனக்குச் சின்னதாகத் தெரிந்ததால்.

ஒப்பரேசன் நடந்தது. சுரப்பி பக்கத்துத் தசையோடு ஒட்டிப் பிடித்திருந்ததாம், அதையும் சேர்த்து வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய்தான் என்று உறுதியானது. இரண்டாம் நாள் அவளுடைய உதடு விறைத்தது, விரல்கள் இழுத்துக்கொண்டன. காய்ந்து கிடந்த எலும்பு இப்போது இரத்தத்திலிருக்கிற சுண்ணாம்பையெல்லாம் உறிஞ்சுகிறது என்று சொல்லி, நரம்பில் கல்சியம் ஏற்றினார்கள். எந்தக் குளிசையை நான் பிழையாகக் கொடுத்தேனோ அதே குளிசையைக் கைநிறையக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் நல்ல காலம். எலும்பு இறுகியது. கை நேராகியது. தானே தலை பின்னினாள், வாய்க்கால் வரை நடந்து போனாள், மிளகாய்க் கன்று வைத்தாள். நான் வீடு முழுக்கத் தண்ணீர் வைத்தேன். கட்டிலடியில் பானை, குசினியில் பானை, விறாந்தையில் கூசா. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்தப் போத்தலை அவள் வீட்டுக்கு வர முன்னமே உடைத்துப் புதைத்துவிட்டேன். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. கேட்காதவளிடம் எங்கே தொடங்குவது?

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது எனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளினேன். ஒரு மத்தியானம் சாப்பிட இருந்தபோது துணிந்து, உமக்கு நான் அப்ப செய்தது என்று தொடங்கினேன். அவள் கறியை ஊற்றிக்கொண்டே, "பழசை விடுங்கோ, சோறு ஆறுது," என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி. மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அவள் விட்டது பேச்சைத்தான், நான் பிடித்துக்கொண்டது ஒரு சாக்குப்போக்கை.

பிறகு ஓங்காளம் திரும்பி வந்தது. இடுப்பு நோ வந்தது. கழுத்தில் பழைய தழும்புக்குக் கீழே கடினமாகத் தட்டுப்பட்டது. இந்த முறை நான் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. கொழும்பில் மறுபடி வெட்டினார்கள், எடுக்கக்கூடியதை எடுத்தார்கள். சில மாதம் தாங்கியது. மூன்றாம் முறை போனபோது அந்த டொக்டர் இனி வெட்ட இடமில்லை என்றார். சிறுநீரகமும் பழுதாகியிருக்கிறது, ஆரம்பத்திலேயே கொஞ்சம் பழுதாகித்தான் இருந்திருக்க வேண்டும், ஏனென்று விளங்கவில்லை என்றார். எனக்கு விளங்கியது. அப்போதும் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரத்தத்தில் சுண்ணாம்பு ஏற ஏற அவளுடைய நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒரு நேரம் தெளிவாகப் பேசுவாள். ஒரு நேரம் தாய் வீட்டில் இருக்கிற மாதிரிக் கதைப்பாள். தீவு மனிசி வந்து பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்குவார். என்னோடு அவர் பழையதைக் கதைத்ததேயில்லை.

ஒரு பின்னேரம் அவர் போன பிறகு, கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு இருந்தேன். காலையில் தெளிவாக இருந்தாள், ஊர்ப் புதினம்கூடக் கேட்டிருந்தாள். இனித் தள்ள நாள் இல்லை. அவளுடைய கையை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். போத்தலைச் சொன்னேன். வேலியடியில் பேசினதைச் சொன்னேன். கிணற்றடியில் முதல் கேட்ட கேள்வியைச் சொன்னேன். டொக்டரிடம் நீர் எனக்காகப் பொய் சொன்னீர், நான் ஓம் என்றேன், அதையும் சொன்னேன். என்னை மன்னித்துவிடும் என்று கேட்டேன். சொல்லி முடியும் வரைக்கும் அவள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, நீங்கள் ஆரெண்டு தெரியேல்லை. கும்பிட்டன், கொஞ்சம் தண்ணி தாங்கோ. எங்கட அவர் வேலையாலை வாறதுக்குள்ளை குடிச்சிடுறன்."